நெய்வேலி வட்டாரத்தின் பண்டிகைப் பொம்மைகளும் அகல் விளக்குகளும்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைச் சுற்றியுள்ள விருத்தாசலம், பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம் ஆகிய ஊர்கள் பண்டிகைக் காலங்களில் வீடுகளை அலங்கரிக்கும் மலிவு விலை மண் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் பெயர் பெற்றவை. பண்ருட்டியிலும் வண்டிப்பாளையத்திலும் நவராத்திரிக் கொலுவுக்கான மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் செய்யப்படுகின்றன. விருத்தாசலத்தில் வெண்களிமண்ணைக் கொண்டு சிறு பொம்மைகளும் கார்த்திகை விளக்குகளும் செய்யப்படுகின்றன. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இத்தொழிலோடு இரு வகைகளில் தொடர்புடையது. நிலக்கரிக்கு மேலே கிடந்த களிமண் பீங்கான் தொழிலுக்கு மூலப்பொருளானது. சுரங்கத்துக்காக உருவான நகரியம் பொம்மைகளை வாங்கும் மாதச் சம்பளக் குடும்பங்களை ஓரிடத்தில் கூட்டியது.

எளிய குடும்பங்களும் ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது வாங்க முடிவதற்குக் காரணம் இப்பொருட்களின் குறைந்த விலை. அந்த விலை எவ்வாறு அமைகிறது, அதன் சுமையை யார் ஏற்கிறார்கள் என்பது இத்தொழிலின் வரலாற்றில் முக்கியமான கேள்வியாகும்.

பண்டிகை நாட்காட்டி

மண்ணால் ஆன பண்டிகைப் பொருட்களின் தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆவணி தொடங்கித் தை வரை அடுத்தடுத்து வரும் விழாக்களே தொழிலின் கால அட்டவணையை முடிவு செய்கின்றன.

ஆவணி மாத விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் விற்கப்படுகிறது. ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, சுடாமலும் சாயம் பூசாமலும் பலகையில் வரிசையாக வைத்துத் தெருவோரத்தில் விற்பது தமிழகம் முழுவதும் காணப்படும் வழக்கம். கண்களுக்குக் குன்றிமணி பதிக்கப்படுகிறது. தலைக்கு மேல் வண்ணக் காகிதக் குடை செருகப்படுகிறது. எருக்கம்பூ மாலை சாற்றப்படுகிறது. வாங்குவோர் கண்முன்னே அச்சிலிருந்து எடுத்துத் தரப்படும் இந்தப் பிள்ளையார் சில நாள் பூசைக்குப் பின் கிணற்றிலோ குளத்திலோ கரைக்கப்படுவதால், அதில் நுணுக்கமான வேலைப்பாட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

புரட்டாசி அமாவாசையை அடுத்து வரும் நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள் தேவைப்படுகின்றன. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் திருக்கார்த்திகை ஆகியவற்றுக்கு அகல் விளக்குகள் விற்பனையாகின்றன. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், மூன்று ஞானிகள், இடையர்கள், ஆடுமாடுகள் ஆகிய உருவங்களைப் பொம்மைக் கலைஞர்கள் செய்கின்றனர். மதுரை அருகிலுள்ள விளாச்சேரியில் ஒரே குடும்பத்தார் விநாயகர், கொலு பொம்மை, குடில் பொம்மை ஆகிய மூன்றையும் பருவத்துக்கு ஏற்பச் செய்வதைக் காணலாம். தை மாதத்தில் பொங்கல் பானையும் அடுப்பும் வருகின்றன. அதன்பின் ஆடி வரை பெரிய விற்பனை இல்லை. அந்த இடைவெளியே கொலு பொம்மைகளைச் செய்து சேர்த்து வைக்கும் காலம்.

கொலு மரபு

மண்ணால் உருவம் செய்து விளையாடும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. சங்க இலக்கியத்தில் சிறுமியர் ஈர மணலில் செய்து விளையாடும் பாவை, வண்டற்பாவை எனப்படுகிறது. ஊர் எல்லையில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரைகளை நேர்ந்து வைப்பது குயவர் மரபோடு இணைந்த மற்றொரு வழக்கம். பண்டிகைப் பொம்மைத் தொழில், மண்ணைப் பதப்படுத்துவதும் சூளை வைப்பதும் அறிந்த இக்குயவர் மரபிலிருந்தே வளர்ந்தது.

நவராத்திரியை அரச விழாவாகக் கொண்டாடும் வழக்கம் விசயநகரப் பேரரசில் சிறப்புற்றிருந்தது. பின்னர் மைசூர், தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆகிய அரண்மனைகளிலும் அது தொடர்ந்தது. வீடுகளில் படிகட்டிப் பொம்மை வைக்கும் கொலு தமிழகம், ஆந்திரம், கருநாடகம் ஆகிய பகுதிகளில் பரவியது. ஆந்திரத்தில் இது பொம்மல கொலுவு என்றும், கருநாடகத்தில் பொம்பே ஹப்பா என்றும் அழைக்கப்படுகிறது.

கொலுப்படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைக்கப்படுகின்றன. மேற்படிகளில் கலசமும் தெய்வ உருவங்களும் இடம்பெறுகின்றன. அடுத்த படிகளில் மகான்களும் மனிதர்களும் வைக்கப்படுகின்றனர். கீழ்ப்படிகளில் திருமண ஊர்வலம், சந்தை, காய்கறிக்காரி, பாம்பாட்டி, செட்டியார் கடை எனப் பொதுவாழ்க்கைக் காட்சிகள் அமைகின்றன. செட்டியார் தம்பதியின் முன் சிறு கிண்ணங்களில் உண்மையான பருப்பும் அரிசியும் வைப்பது வழக்கம். செம்மரத்தால் ஆன மரப்பாச்சி இணை பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் பழைய பொம்மைகளோடு புதிதாக ஒரு பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது கொலு வைப்போரிடையே உள்ள நம்பிக்கை. பொம்மைத் தொழிலின் பொருளாதார அடித்தளம் இதுவே. பழைய பொம்மைகள் பரணில் பத்திரமாக இருந்தாலும் கடைக்குப் போவதற்கு ஆண்டுதோறும் ஒரு காரணம் இருக்கிறது. வாங்குவது ஒன்றோ இரண்டோ என்பதால் விலை கைக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டியதும் கட்டாயமாகிறது.

நிலக்கரிக்கு மேல் கிடந்த களிமண்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930-களில் வெளிப்பட்டது. ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது இதன் தொடக்கமாகக் கூறப்படுகிறது. 1940-களில் துளையிட்டு ஆய்வுகள் நடந்தன. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்னும் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்தது. நிறுவனத்தின் பெயர் 2016-இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாற்றப்பட்டது.

இது திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரிப் படிவத்துக்கு மேல் பல பத்து மீட்டர் தடிமனுள்ள மேல்மண்ணை முழுவதும் அகற்றிய பிறகே கரியை எடுக்க முடியும். ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கன மீட்டர் மேல்மண் அகற்றப்படுகிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைக்கும் இந்த அடுக்கில் மணல், மணற்கல், பலவகைக் களிமண் ஆகியவை கலந்து கிடக்கின்றன. அவற்றுள் வெண்களிமண்ணும், பீங்கான் தொழிலில் பந்துக் களிமண் எனப்படும் ஒட்டும் தன்மை மிகுந்த களிமண்ணும் தனிப் பயனுடையவை.

வெண்களிமண் வெட்டியெடுத்தவுடன் பயன்படுத்தத் தக்கதன்று. அதில் மணலும் பிற கலப்புகளும் இருக்கும். நீரில் கலக்கி நிற்கவிட்டால் கனமான மணல் அடியில் தங்கிவிடும். மேலே மிதக்கும் நுண்ணிய களிமண் கூழைப் பிரித்து, நீரை வடித்து உலர்த்தினால் தூய வெண்களிமண் கிடைக்கும். இவ்வாறு களிமண்ணைக் கழுவிப் பிரிக்கும் ஆலை ஒன்றையும் நெய்வேலி நிறுவனம் நடத்தியது. மின்சாரத்துக்காகத் தோண்டிய குழியிலிருந்து வந்த களிமண், அவ்வட்டாரத்தில் பீங்கான் தொழில் ஏற்பட வழிவகுத்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழில்

நெய்வேலிக்கு மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவுக்குள் உள்ள விருத்தாசலம் தொடர்வண்டிச் சந்திப்பு. விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி வழித்தடமும், கடலூரிலிருந்து நெய்வேலி வழியாக வரும் தடமும் இங்கே சேர்கின்றன. களிமண் அருகில் கிடைப்பதும், செய்த பொருளை வெளியூருக்கு அனுப்ப வழி இருப்பதும் இவ்வூருக்குச் சாதகமாயின. இங்கே அரசின் முயற்சியில் செராமிக் தொழிற்பேட்டை அமைந்தது. செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு கல்வி நிறுவனமும் இவ்வூரில் உள்ளது. தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் கற்குழாய்த் தொழிற்சாலையும் இவ்வூரில் இயங்கியது. அருகிலுள்ள வடலூரில் மின்கம்பங்களுக்கான பீங்கான் மின்காப்பான்கள் செய்யப்பட்டன.

தொழிற்பேட்டையின் சிறு கூடங்களில் அகல் விளக்கு, சிறு தெய்வ உருவம், விலங்கு, பறவை, உண்டியல், சாம்பிராணித் தூபக்கால் போன்றவை உருவாகின்றன. இவற்றுக்குப் பயன்படும் முறை கூழ் வார்ப்பு எனப்படும். களிமண்ணை நீருடன் கலந்து பால் போன்ற கூழாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவர். பிளாஸ்டர் நீரை உறிஞ்சுவதால் அச்சின் உட்சுவரில் களிமண் படலமாகப் படிகிறது. தேவையான தடிமன் வந்ததும் மீதிக் கூழை வெளியே ஊற்றிவிடுவர். சற்று உலர்ந்த பின் அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றிடமுள்ள பொம்மை கிடைக்கும். இணைப்புக் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரத்துணியால் துடைத்து, உலர வைத்துச் சூளைக்கு அனுப்புவர். சூளையில் வெப்பம் 1,000 பாகை செல்சியசுக்கு மேல் செல்கிறது.

இம்முறையில் திறமை அச்சுச் செய்பவரிடமும் சூளை வைப்பவரிடமும் குவிந்துள்ளது. கூழ் ஊற்றுதல், சீவுதல், துடைத்தல், வண்ணம் தீட்டுதல் ஆகிய வேலைகளை ஓரளவு பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். உள்ளீடற்ற பொம்மைக்குக் களிமண் குறைவாகச் செலவாகும். எடையும் குறைவு என்பதால் அனுப்பும் செலவும் குறைகிறது. இவையே விருத்தாசலப் பொருட்களின் விலையைக் கீழே வைத்தன. அச்சு தேயத் தேய உருவத்தின் கூர்மை மங்கும். மூக்கும் விரல்களும் தெளிவிழந்த எளிய தோற்றம், மலிவுப் பொம்மையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பண்ருட்டியும் வண்டிப்பாளையமும்

நெய்வேலிக்கு வடக்கே, சென்னை – கும்பகோணம் சாலையில் உள்ள பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற ஊர். கெடிலம், தென்பெண்ணை ஆகிய ஆறுகளின் வண்டல் படிந்த நிலப்பகுதி இது. காஞ்சிபுரம், விளாச்சேரி ஆகிய ஊர்களோடு சேர்த்துக் கொலு பொம்மை வணிகர்கள் குறிப்பிடும் பெயர்களுள் பண்ருட்டியும் ஒன்று. கடலூரின் ஒரு பகுதியான வண்டிப்பாளையமும் பொம்மைத் தொழிலாளர் வாழும் இடமாக அறியப்படுகிறது.

இங்கே களிமண்ணை ஊறவைத்துக் கல்லும் வேரும் நீக்கிக் காலால் மிதித்துப் பதப்படுத்துகின்றனர். முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரியும் அச்சில் மண்ணைத் தட்டி அழுத்தி, இரு பாதிகளையும் ஈரக் களிமண்ணால் ஒட்டுகின்றனர். கை, ஆயுதம், கிரீடத்தின் முனை போன்றவை தனியே செய்து பொருத்தப்படுகின்றன. நிழலில் உலர்த்திய பின் வெயிலில் காயவைத்துச் சூளையில் சுடுகின்றனர். இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் சவுக்கும் முந்திரி விறகும் எரிபொருளாக உதவுகின்றன.

சுட்ட பொம்மைக்கு முதலில் வெள்ளைப் பூச்சும், பின் உடல் நிறமும், ஆடை நிறமும், நகைகளும் தீட்டப்படுகின்றன. கண் எழுதுவது இறுதி வேலை. அதைக் கை தேர்ந்தவர்களே செய்கின்றனர். பிசகினால் முகம் கெட்டுவிடும். முகம் கெட்ட பொம்மை விலைபோகாது. மண் பிசைதலும் சூளையும் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவும், தேய்த்தலும் வண்ணம் தீட்டுதலும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவும் அமைகின்றன.

காகிதக்கூழ் பொம்மை மற்றொரு வகை. ஊறவைத்த காகிதத்தை அரைத்துக் கிழங்கு மாவுப் பசை சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யும் இப்பொம்மை எடை குறைவானது. கீழே விழுந்தால் எளிதில் உடையாது. தொலைதூரத்துக்கு அனுப்ப ஏற்றது. விழுப்புரம் அருகிலுள்ள அய்யங்கோவில்பட்டில் விநாயகர் சிலைகளும் இம்முறையில் செய்யப்படுகின்றன. அண்டையிலுள்ள புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர்ச் சுடுமண் கைவினையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. மண்ணும் காகிதக்கூழும் கொண்டு உருவம் செய்யும் ஒரே கைவினை வட்டாரத்தின் பகுதிகளாகவே இவ்வூர்களைக் கருதலாம்.

நகரியம் என்னும் சந்தை

சுரங்கத்துக்காகப் பல சிற்றூர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அதே காலத்தில், வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு எண்ணிட்ட குடியிருப்புகளுடன் நெய்வேலி நகரியம் எழுந்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பொறியாளர்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள், தொழிலாளர்கள் குடியேறினர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த குடும்பமும், கோவையிலிருந்து வந்த குடும்பமும், ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பமும் ஒரே தெருவில் வாழ்ந்தன.

கொலு அழைப்பின் பேரில் வீடு வீடாகச் செல்லும் பண்டிகை. வெற்றிலை பாக்கும் சுண்டலும் பெற்றுத் திரும்பும் பெண்களும் குழந்தைகளும் ஒவ்வொரு வீட்டுப் படியையும் பார்த்து வருவர். சொந்த ஊரை விட்டு வந்து, அண்டை வீட்டாரைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நகரியக் குடும்பங்களுக்கு இவ்வழக்கம் நன்கு பொருந்தியது. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் வரும் ஆயுத பூசை, இயந்திரங்களோடு வாழும் சுரங்க ஊரில் தனிச் சிறப்புடையது. மாதச் சம்பளமும் பண்டிகைக் கால போனசும் இப்பருவத்தில் கடைவீதிக்கு வருகின்றன. நகரியத்தின் கடைவீதியும் அதை ஒட்டிய மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களும் பண்டிகைப் பொருட்களின் விற்பனை இடங்களாயின. மிக அருகில் உள்ள வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனத்துக்குக் கூடும் பெருங்கூட்டமும் சிறு வணிகர்களுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் வாய்ப்பு.

உள்ளூர்ச் சந்தைக்கு வெளியே சென்னையே பெரிய சந்தை. மயிலாப்பூர் மாட வீதிகளில் நவராத்திரிக்கு முன் பொம்மைக் கடைகள் வரிசையாக முளைக்கின்றன. 1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் தன் பூம்புகார் விற்பனை நிலையங்களில் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது.

மலிவு விலையின் கணக்கு

ஓர் அகல் விளக்கின் விலையில் களிமண்ணின் பங்கு சிறிது. விறகு, சாயம், அச்சு, வண்டி வாடகை ஆகியவற்றுக்குச் செலவுண்டு. மீதியெல்லாம் உழைப்பு. உழைப்பில் பெரும்பகுதி வீட்டாருடையது என்பதால் அது தனிக் கூலியாகக் கணக்கில் எழுதப்படுவதில்லை. தாயும் மகளும் இரவில் அமர்ந்து வண்ணம் தீட்டிய நேரத்துக்குக் கூலி போட்டால், பல பொம்மைகள் நட்டத்திலேயே விற்கப்படுவது தெரியவரும்.

இரண்டாவது காரணம் காலம். தை, மாசியில் மண் குழைக்கத் தொடங்கினால் கொலு பொம்மைக்கான பணம் புரட்டாசியில்தான் முழுமையாகக் கைக்கு வருகிறது. இடைப்பட்ட ஏழெட்டு மாதங்களுக்கு விறகும் சாயமும் வாங்க வேண்டும். குடும்பமும் நடக்க வேண்டும். இதற்காக வணிகரிடம் முன்பணம் வாங்குவோர், பொம்மையை அந்த வணிகர் சொன்ன விலைக்கே தர வேண்டியிருக்கும். கடைவீதியில் விற்கும் விலைக்கும் செய்தவருக்குக் கிடைக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தோன்றுகிறது. குறைந்த வட்டியில் தொழில்கடன் கிடைப்பதும், நேரடி விற்பனைக்குக் கண்காட்சியில் இடம் கிடைப்பதும் இத்தொழிலாளர்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

மூன்றாவது காரணம் உடைசல். சூளையில் வெடிப்பவை, வண்டியில் உடைபவை, விற்காமல் அடுத்த ஆண்டுக்குத் தங்குபவை ஆகியவற்றின் இழப்பும் பெரும்பாலும் செய்பவரையே சேர்கிறது.

நெருக்கடிகள்

முதல் நெருக்கடி மண். குயவர்கள் ஏரி, குளங்களில் களிமண் எடுப்பது பழைய உரிமை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளிலும் மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமின்றி மண் எடுக்க இடம் உண்டு. எனினும் அனுமதி பெறும் நடைமுறை நீண்டதாக இருந்ததால் பருவத்தில் மண் கிடைக்காமல் போவதுண்டு. 2024-இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வகையில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலம் சுரங்கத்துக்குச் செல்வது மண்ணோடு வாழும் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான கவலை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலத்தின் ஊடே வாய்க்கால் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

இரண்டாவது நெருக்கடி மழை. கடலூர் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. அம்மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அகல் விளக்கின் விற்பனைக் காலமும் அதுவே. ஈரக் காற்றில் மண் காயாது. நனைந்த விறகில் சூளை எரியாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயலும், 2015-இன் பெருவெள்ளமும் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. மழைக்காலத்தில் வேலையிழக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு நிவாரணமாக ரூ. 5,000 வழங்குகிறது.

மூன்றாவது நெருக்கடி மாற்றுப் பொருட்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விரைவில் இறுகும், சூளை தேவையில்லை, வழுவழுப்பான மேற்பரப்பு கிடைக்கும். ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிலை கரைப்புக்கான நெறிமுறைகளை 2010-இல் வெளியிட்டு, 2020-இல் அவற்றைத் திருத்திப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில் இத்தகைய விநாயகர் சிலைகளை விற்க அனுமதித்த தனி நீதிபதியின் ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. இத்தடை களிமண் சிலை செய்வோருக்குச் சாதகமானது. அதே வேளையில் பிளாஸ்டருக்கு மாறியிருந்த சிறு கலைஞர்கள் இழப்பைச் சந்தித்தனர். கொலு பொம்மை கரைக்கப்படுவதில்லை என்பதால் அத்துறையில் பிளாஸ்டரின் போட்டி தொடர்கிறது. இயந்திரத்தில் செய்த பிசின் பொம்மைகளும் மின் அகல்களும் மண்ணின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

வரி விதிப்பில் சில சலுகைகள் கிடைத்தன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மண் விளக்குகளுக்கு விலக்கு இருந்தது. மண் சிலைகளுக்கான வரி அதே ஆண்டில் பின்னர் நீக்கப்பட்டது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது பொது இடங்களில் விநாயகர் சிலை வைக்கத் தமிழக அரசு தடை விதித்தது. கொலுவுக்கு வீடு வீடாகச் செல்வதும் குறைந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே விற்கும் பொருளுக்கு ஒரு பருவம் தவறுவது ஓராண்டு வருமானம் தவறுவதற்கு ஒப்பாகும்.

பிற நாடுகளில் ஒத்த தொழில்கள்

சுரங்கமும் பண்டிகைப் பொம்மையும் அருகருகே வளர்ந்ததற்குச் செருமனியின் எர்ட்ஸ் மலைப்பகுதி புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அங்குள்ள சைஃபன் என்னும் ஊர் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. தாது குறையக் குறையச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மரத்தைக் கடைந்து பொம்மை செய்யத் தொடங்கின. 1849-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் பொம்மையே முதன்மைத் தொழிலானது. மரவளையத்தைக் கடைந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே நேரத்தில் பல விலங்கு உருவங்களை எடுக்கும் முறை அங்கே உருவானது. மெழுகுவத்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளி உருவம் அப்பகுதியின் கிறிஸ்துமஸ் அலங்காரமாக நிலைத்தது. அங்கும் மலிவு விலைக்குப் பின்னால் வீட்டாரின் நீண்ட உழைப்பும் இடை வணிகரின் பிடியும் இருந்தன. அச்சுரங்கப் பண்பாட்டு நிலப்பகுதி 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

பிரான்சின் புரொவான்சுப் பகுதியில் செய்யப்படும் சாந்தோன் எனப்படும் சிறு களிமண் குடில் பொம்மைகள் கொலுவோடு ஒப்பிடத் தக்கவை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது மக்கள் வீட்டிலேயே குடில் அமைத்தனர். மார்செய் நகரின் லூயி லாஞெல் (1764–1822) பிளாஸ்டர் அச்சைப் பயன்படுத்தி எளியோரும் வாங்கத்தக்க பொம்மைகளைச் செய்தார். 1803 முதல் அந்நகரில் சாந்தோன் சந்தை நடைபெறுகிறது. மீன்காரி, ரொட்டிக்காரர், இடையர் என ஊர் மக்கள் அனைவரும் குடிலில் இடம்பெறுவது, கொலுவின் கீழ்ப்படியில் காய்கறிக்காரியும் செட்டியாரும் இடம்பெறுவதை ஒத்தது.

சைஃபனில் சுரங்கம் முடிந்த பின் பொம்மைத் தொழில் தலையெடுத்தது. நெய்வேலியில் சுரங்கம் இயங்கும்போதே அதன் மேல்மண்ணிலிருந்து ஒரு தொழில் பிறந்தது. பழுப்பு நிலக்கரி தீரக்கூடிய வளம் என்பதால், சுரங்கத்துக்குப் பின் இவ்வட்டாரம் எதை நம்பி வாழும் என்ற கேள்விக்குச் சைஃபனின் வரலாறு பொருத்தமான பாடமாகும்.

இன்றைய நிலை

விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களும் பண்ருட்டி, வண்டிப்பாளையம் பொம்மைக் குடும்பங்களும் இன்றும் தொழிலைத் தொடர்கின்றன. இணைய விற்பனை வழியாக வெளிநாட்டுத் தமிழரும் கொலு பொம்மைகளை வாங்குகின்றனர். அவ்விற்பனையில் எடை குறைந்த காகிதக்கூழ் பொம்மைகளுக்குத் தனி வாய்ப்பு உள்ளது. இரசாயனச் சாயம் தவிர்த்த களிமண் விநாயகருக்கும் மண் அகலுக்கும் சூழல் அக்கறையால் தேவை கூடியுள்ளது. மறுபுறம், படித்த இளைய தலைமுறையினர் வேறு வேலைகளுக்குச் செல்வதால் அச்சுச் செய்வோரும் கண் எழுதுவோரும் குறைந்து வருகின்றனர். அச்சை விலைக்கு வாங்கலாம்; கண் எழுதும் கையைப் பல ஆண்டுப் பயிற்சியால்தான் உருவாக்க முடியும். செராமிக் கல்வி நிறுவனமும் தொழிற்பேட்டையும் ஒரே ஊரில் இருப்பது இவ்வட்டாரத்துக்கு உள்ள வாய்ப்பு. புதிய வடிவங்களுக்கான அச்சும், எரிபொருள் குறைவாகச் செலவாகும் சூளையும், முன்பணத்தை நம்பாத கடனும் கிடைத்தால், பொம்மையின் விலையைப் பெரிதும் உயர்த்தாமலே செய்பவரின் பங்கைக் கூட்ட இயலும்.